இடம் மாறிய தொட்டிகள்

அவர் கை காற்றைத் துழாவியது.

குனிந்தபடியே இடதுபக்கம் நகர்ந்தார். மறுபடி துழாவினார். அங்கே வெறும் தரை.

படியின் மேல்முனையில் அவள் நின்றுவிட்டாள்.

மகளுக்கு இரண்டு நாளாக இருமல். நாலு கற்பூரவல்லி இலை பறித்து வரச் சொல்லி கணவரை மொட்டைமாடிக்கு அனுப்பியிருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துச் சுண்டியும் ஆள் வரவில்லை. அதனால்தான் ஏறி வந்தாள்.

தொட்டிகளை நேற்று மாலை நகர்த்தியது அவள்தான். மாசி வெயிலுக்கே புதினா கருக ஆரம்பித்திருந்தது. துளசி, புதினா, கற்பூரவல்லி, வல்லாரை எல்லாவற்றையும் தண்ணீர் டேங்கின் நிழலுக்கு இழுத்து வைத்தாள்.

அவரிடம் சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது?

நாலடி தூரம். பச்சைப்பசேலென்று நிற்கின்றன.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கால் தொட்டியில் இடித்தது. உட்கார்ந்து, ஓர் இலையைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனார்.

துளசி. கீழே போட்டார்.

அடுத்ததைக் கிள்ளி முகர்ந்தார். அதையும் போட்டார்.

மூன்றாவதில் முகம் தெளிந்தது.

எந்த இலையையும் முகர்ந்துதான் பறிப்பார். செடிமேல் அத்தனை ஆசை என்று எதிர்வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

இலைகளோடு எழுந்து படிப்பக்கம் திரும்பினார். அவளுக்கு நேரே, கை எட்டும் தூரத்தில் நின்றார். அவள் தோளைத் தாண்டிக் கீழே பார்த்துச் சத்தம் போட்டார்.

"ரேணுகா! எலை பறிச்சாச்சு. வேன் சாவிய எடுத்து வெய்யி. பசங்க காத்துட்டிருப்பாங்க."

"இங்கதானுங்க நிக்கிறேன்."

இலைகள் அவர் கையிலிருந்து நழுவின.

அவளுக்கு ஒரு வார்த்தைதான் வந்தது.

"எப்பருந்து?"

அவர் குனிந்து, விழுந்த இலைகளுக்காகத் தரையைத் தடவினார்.

"தீவாளிக்கு முந்தியே. கொஞ்சங் கொஞ்சமாத்தான். நெழலாட்டந் தெரியுது ரேணு. ரோடு எனக்குத் தெரியும். பதினாலு வருசமா அதே ரோடுதான?"

பள்ளிக்கூட வேன். பன்னிரண்டு குழந்தைகள். அதில் ஒன்று அவள் பெற்றது.

தினமும் வாசலில் நின்று கையசைத்து அனுப்பியிருக்கிறாள்.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து முந்தானையில் முடிந்தாள். ஃபோனில் முதல் எண்ணை அழுத்தினாள்.

"அக்கா, இன்னைக்கு வேன் வராதுங்க. கொழந்தைய நீங்களே கொண்டுபோய் விட்டுருங்க."

"நாளைக்கு வந்துருமுங்களா?"

"இல்லீங்க. இனி வராதுங்க. அவருக்குக் கண்ணு தெரியலீங்க."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. சுவரில் சாய்ந்தாள். மறுமுனையில் அந்த அம்மாள் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாடிப்படியில் அவர் ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கி வந்தார்.

மகள் சீருடையில், புத்தகப்பையோடு நின்றிருந்தாள். ஒன்பது வயது. அம்மாவின் முகத்தைப் பார்த்து மிரண்டுபோயிருந்தாள். பக்கத்தில் வந்து சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"பயப்படாதம்மா. ஒண்ணும் ஆவாது."

இருமிவிட்டுத் தொடர்ந்தாள்.

"நாந்தான் முன்னாடி சீட்ல ஒக்காந்து, லைட்டு செவப்பா பச்சையான்னு சொல்லிட்டே போறனே."