லேசான சாப்பாடு

“மிஷின் பொய் சொல்லுது சார்! முதல்ல பேட்டரியை மாத்துங்க!”

எடை மேடையிலிருந்து இறங்காமலே கத்தினாள் சிலந்தி. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் அது. வானளாவிய கட்டடங்களின் கண்ணாடிச் சுவர்களைக் கயிற்றில் தொங்கியபடி துடைப்பது அவள் வேலை.

“நேத்துதாம்மா புது பேட்டரி போட்டேன்,” என்றார் சூப்பர்வைசர். “எல்லாருக்கும் சரியா காட்டுது. உன்மேல மட்டும் அதுக்கு என்ன பகை?”

“அப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க.” தன் நீலச் சீருடையின் இடுப்பில் இரண்டு விரலை விட்டு இழுத்துக் காட்டினாள். “போன வருஷம் தைச்சது. அப்ப எப்படி இருந்துச்சோ, இன்னிக்கும் அப்படியே இருக்கு. எடை ஏறியிருந்தா பட்டன் தெறிச்சிருக்காதா?”

“உன் பட்டனைக் கேட்டு நான் கயிறு கட்ட முடியுமா? பெல்ட்டு, பக்கெட்டு, நீ, எல்லாம் சேர்த்து நூறு கிலோ. அதைத் தாண்டினா ஏத்த மாட்டேன். இது ரெண்டாவது எச்சரிக்கை. அடுத்த மாசமும் இப்படியே ஏறினா, கீழ ஸ்டோர் ரூம்ல துடைக்கிற துணியை மடிச்சுக்கிட்டு உக்காரு.”

சிலந்தி அண்ணாந்து பார்த்தாள். மேலே, கண்ணாடிக்குள் மேகம் மிதக்கும். அதன்மேல் நுரையைப் பூசி வழித்தெடுத்தால் வானமே குளித்துவிட்டு வந்ததுபோல் நிற்கும். காலுக்குக் கீழே பறவைகள் போகும். அதை விட்டுவிட்டு, ஜன்னல்கூட இல்லாத அறையில் துணி மடிப்பதா?

“முறைக்காத. அடுத்த தெருவுல டயட் மேடம் இருக்காங்க. போய்ப் பாரு. நம்ம கம்பெனி ஆளுங்களுக்கு இலவசம்.”

சாப்பாட்டு டப்பாவையும் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அந்த அம்மாளின் மேஜைமீது அதை அவள் வைத்த வேகத்தில் பேனா உருண்டு விழுந்தது.

“நீங்களே பாருங்க மேடம்! பொரிச்சது தொடறதில்ல, கேக்கு கிடையாது, ஐஸ்கிரீம் கிடையாது. முயல் மாதிரி இலையைத் தின்னுட்டு இருக்கேன். எனக்கு எப்படி எடை ஏறும்? நியாயமா இது?”

“வீட்டுல சமையல் யாரு? நீங்களா?”

“முன்னாடி நான்தான். போன மழைக்காலத்துல காத்தடிச்சு என் கயிறு சிக்கிக்கிச்சு. முப்பதாவது மாடியில ஊஞ்சலாடிட்டு இருந்தேன். நான் சிரிச்சுக்கிட்டேதான் இறங்கினேன். கீழ நின்னு பார்த்த எங்க வீட்டுக்காரருக்குத்தான் பாவம், காய்ச்சலே வந்துருச்சு. தேறி எழுந்ததும் ‘இனிமே உன் டப்பாவை நான் கட்டறேன், நீ தெம்பா இருக்கணும்’னுட்டாரு. கடை திறக்கறதுக்கு முன்னாடியே எழுந்து செய்றாரு. கொடுத்துவெச்சவ மேடம் நான்.”

அந்த அம்மாள் மூடியைத் திறந்தார். இலைகளைக் கரண்டியால் கிளறினார். கண்ணாடியை மூக்குமேல் ஏற்றிக்கொண்டார்.

“இலை சரிதான். மேல வெள்ளையா ஊத்தியிருக்கே, மயோனைஸ், அதுல முக்கால்வாசி எண்ணெய். இலை வெறும் சாக்கு.”

“என்னது!”

“இந்தக் குழி நிறைய முந்திரியும் பாதாமும். இதுவே ஒரு வேளைச் சாப்பாடு. நீங்க கொறிக்கிறதுன்னு நெனச்சிருப்பீங்க. பக்கத்துல பேரீச்சம்பழம், முழுக்கச் சர்க்கரை. பிரவுன் பிரெட்டுல இவ்வளவு தடிமனா வேர்க்கடலை வெண்ணெய். இந்த பாட்டில்?”

“ஆரஞ்சு ஜூஸு. பழம்தானே மேடம்!”

“இத்தனை பழத்தை உரிச்சு உங்களால சாப்பிட முடியுமா? பாதியிலேயே போதும்னுடுவீங்க. குடிக்கும்போது தெரியாது. எதுவும் கெட்ட சாப்பாடு இல்லம்மா. அளவுதான் எக்கச்சக்கம்.”

சிலந்திக்குக் காது சிவந்தது. “இலையையே நம்ப முடியலன்னா மனுஷன் எதைத்தான் நம்பறது? பாக்கெட்டுமேல ஓடற பொம்பளை படத்தைப் போட்டு விக்கிறானுங்களே, அவனுங்களைப் பிடிச்சு என் கயித்துல தலைகீழா தொங்கவிடணும்! எங்க வீட்டுக்காரரு ஒரு அப்பாவி, அப்படியே நம்பியிருக்காரு. இதெல்லாம் யாருக்குங்க தெரியும்?”

“தெரிஞ்சவங்களும் இருக்காங்க.” அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. “போன மழை சீசன் முடியறப்ப ஒருத்தர் வந்தாரு. எல்லாரும் எடையைக் குறைக்க வருவாங்க, அவரு தலைகீழா கேட்டாரு. ‘பார்க்க லேசா இருக்கணும், சாப்பிடறவங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது, உடம்பும் கெடக் கூடாது, ஆனா எடை ஏறணும்’னாரு. இதே அயிட்டங்களைத்தான் சொல்லி அனுப்பினேன். அடம் பிடிக்கிற குழந்தைக்குப் போலிருக்குன்னு நெனச்சு ‘யாருக்குங்க?’ன்னு கேட்டேன். ‘எங்க வீட்டுல ஒருத்தருக்கு உயரம்னா ரொம்பப் பயம்’னாரு. இதுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்? கடையிலேருந்து அப்படியே ஓடி வந்திருப்பாரு போல. கழுத்துல அளவெடுக்கிற டேப்பு தொங்கிக்கிட்டு இருந்துச்சு.”

சிலந்தியின் கை மெல்ல இடுப்புக்குப் போயிற்று.

எத்தனையோ மாதமாகக் கொஞ்சமும் இறுகாத அந்தச் சீருடையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள். பிரித்தெடுத்த பழைய தையல்களின் ஊசித்துளைகள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக வரிசை வரிசையாய் இருந்தன. எல்லாவற்றுக்கும் வெளியே, துணியின் கடைசி விளிம்பில், ஒரு பிசிறுகூட இல்லாமல் ஓடியது அவள் கணவரின் புதுத் தையல்.