ஏரிக்கரைக் கமரா

விடிஞ்சால் இராசரத்தினத்துக்கு ஐபாட் வேணும். இங்கிலாந்திலே ஒரு சின்ன ஏரிக்கரை ஊரின் படகுத்துறையைக் கமரா ஒன்று நேரடியாகக் காட்டும். அதைப் பார்த்தால்தான் அவருக்குத் தேத்தண்ணி இறங்கும்.

"ஸ்காபரோவிலை ஒன்ராறியோ ஏரி கிடக்கேக்கை உந்த ஏரியை ஏன் பாக்கிறியள்?" என்று குசினிக்குள்ளிருந்து குணவதி கேட்பாள். "நடக்க வாங்கோ எண்டால் முழங்கால் நோகுது எண்டுவியள்."

"அங்கத்தை அன்னங்கள் வடிவு."

அந்த அன்னங்களுக்குப் பாண் போட, வெள்ளைக் கோட்டோடு ஒரு ஹோட்டல் சமையல்காரன் வருவான். இன்றைக்கு மழைக்குள்ளும் வந்தான். ஈரப் பலகையில் கால் வழுக்கி விழுந்தவன் எழும்பவில்லை. துறையில் வேறு ஆளில்லை.

"எழும்படா! ஐயோ, எழும்படா!"

குணவதி ஓடிவந்தாள். "ஆரப்பா விழுந்தது?"

911ஐ அமத்தப் போன அவர் விரல் நின்றது. அடித்தால் ரொறன்ரோ அம்புலன்ஸ்தான் வரும்.

"எங்கடை பிரியந்தன்."

சொல்லாமல் கலியாணம் முடித்த மகனின் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டவர் அவர்தான். பக்கத்தில் நின்று குணவதியின் போனிலிருந்து அவன் நம்பரை அழிப்பித்தவரும் அவர்தான்.

"இப்ப ஆரிட்டை நம்பர் கேக்கிறது, குணம்?"

அவள் தன் போனில் மளமளவென்று இலக்கங்களை அமத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

திரையில் கிடந்தவனின் கை மெல்லச் சட்டைப்பைக்குள் போனது.

"என்னம்மா..." குரல் நோவில் முனகியது. "இண்டைக்கு வெள்ளனவே எடுக்கிறியள், அப்பா வெளியிலை போயிட்டாரோ?"