வலப்பக்கத்துப் புள்ளிகள்

காணாமல்போன மீன்பிடிப் படகின் செய்தி அனுப்பும் கருவியிலிருந்து வந்தவை எல்லாம் புள்ளிகளாகவே இருந்தன. திரையின் இடப்பக்கத்தில் எண்ணும் எழுத்தும் இரண்டிரண்டாகக் கலந்த ஹெக்ஸ் என்னும் கணினிக் குறியீடுகள். வலப்பக்கத்தில், அவை வாசகமாக மாறித் தெரிய வேண்டிய இடத்தில், வரிவரியாகப் புள்ளி. அந்த மென்பொருளைச் செய்தவர்கள், கடலில் மாட்டிக்கொண்டவன் ஆங்கிலத்தில்தான் கூப்பிடுவான் என்று நினைத்திருந்தார்கள்.

“கருவி நனைஞ்சிருக்கும். குப்பைய அனுப்புது” என்றார் கட்டுப்பாட்டு அறை அதிகாரி ஆன்டோ. தேடப் போன கப்பலைத் திருப்பியழைக்கத் தொலைபேசியைக் கையில் எடுத்திருந்தார்.

“குப்பைக்கு ஏது சார் ஒழுங்கு?” என்றாள் மென்பொருள் பிரிவின் பெல்சியா. “மூணுக்கு ஒண்ணு E0 வருது பாருங்க. தமிழ்ல அடிச்சா அப்படித்தான் வரும். போனை வைங்க.”

அவர் வைக்கவில்லை. அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. இடப்பக்கத்தை அப்படியே நகலெடுத்துத் தன் கணினியில் தமிழாக மாற்றினாள்.

“எஞ்சின் நின்னுட்டு. தீவுக்குத் தெக்க கெடக்கோம். எல்லாரும் உசுரோட இருக்கோம். யாராச்சும் வாசிக்கீங்களா?”

அதே வாசகம் திரும்பத் திரும்ப வந்திருந்தது, காலையிலிருந்து.

ஆன்டோ கப்பலைத் தெற்கே போகச் சொன்னார். பெல்சியா ‘வாசிக்கிறோம்’ என்று அடித்து, அதை ஹெக்ஸாக மாற்றி அனுப்பினாள்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு திரையின் வலப்பக்கத்தில் ஒரு வரிப் புள்ளிகள் விழுந்தன.

“என்ன சொல்லுதான்?” என்றார் ஆன்டோ, அந்தப் புள்ளிகளிலிருந்து கண்ணை எடுக்காமல்.