பிஸ்கட்டோடு வந்த ஆள்

"மார்ஜரி, அந்த ஆளைக் கவனிச்சியா? ஒரே ஒரு பீரை வாங்கி வச்சுக்கிட்டு, ஒரு மணி நேரமா நாய்ங்களையே சுத்திச் சுத்தி வர்றான்" என்று கிசுகிசுத்தார் வில்ஃப்ரட்.

'கலப்பை' பப்பின் முதலாளி மார்ஜரி கிளாஸைத் துடைத்தபடியே பார்த்தாள். அந்தப் புது ஆள் மேஜை மேஜையாகக் குனிந்து, ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தான்.

"எது எந்த வீட்டு நாய், எத்தனை மணிக்கு அவிழ்த்து விடுவாங்க, கடிக்குமான்னு எல்லார்கிட்டயும் விசாரிக்கிறான். போன மாசம்தான் பக்கத்து ஊர்ல ரெண்டு நாய் திருடு போச்சு!"

"அடப்பாவி! உங்ககிட்டயும் கேட்டானா?"

"எனக்கு நாயே கிடையாதுன்னுட்டேன்." வில்ஃப்ரட் தன் கறுப்பு டெரியர் நாயைக் காலால் மேஜைக்கடியில் இன்னும் உள்ளே தள்ளினார்.

மார்ஜரி விடுவிடுவென்று போய் நோட்டைப் பிடுங்கினாள். "யாருய்யா நீ? போலீஸைக் கூப்பிடவா?"

அந்த ஆள் பதறிப்போய் நிமிர்ந்தான்.

"ஐயோ, வேண்டாம்மா! திங்கட்கிழமையிலேருந்து இந்த ஊருக்கு நான்தான் போஸ்ட்மேன். எனக்கு முன்னாடி இருந்தவர் கால்ல ஒம்பது தையலோட படுத்திருக்கார். அதான் முன்கூட்டியே எல்லா நாயையும் சிநேகம் பிடிச்சு வச்சுக்கலாம்னு வந்தேன். அவரைக் கடிச்ச கறுப்பு டெரியர் மட்டும்தான் பாக்கி. அது யாரோடதுன்னு கேட்டா, ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க."

எல்லார் கண்ணும் ஒரே மேஜைப் பக்கம் திரும்பியது.

வில்ஃப்ரட் தன் பீர் கிளாஸையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, பிஸ்கட் இன்னும் மிச்சம் இருக்கா?"