அடைக்கச் சொன்ன வால்வு

சிக்னலில் நின்றாலே பானெட்டுக்குள் உஸ்ஸென்று சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் ஏசி சூடாக ஊதத் தொடங்கும். அந்தக் கோடையில் வாடகைக் கார் ஓட்டும் பிலோமினா பயணிகளிடம் வாங்காத பேச்சில்லை. இன்றைக்கு ஏறிய நிறைமாதக்காரி ஒன்றும் சொல்லாமல் துப்பட்டாவால் விசிறிக்கொண்டே வந்ததுதான் அவளை ரொம்ப வதைத்தது. இறக்கிவிட்ட கையோடு பட்டறைக்குப் போனாள்.

"ஏசியில இருக்கிற அந்த வால்வைக் கழட்டி எறியுங்கண்ணே. கேஸ் நிரப்ப நிரப்பத் துப்புது."

"வால்வு மேல தப்பில்லம்மா," என்றார் மெக்கானிக் தங்கமணி. "முன்னாடி ஃபேன் சுத்தல. சூடு வெளியே போகாம உள்ளே பிரஷர் ஏறுது. அது திறந்து விடுறதாலதான் ஹோஸ் வெடிக்காம இருக்கு."

பிலோமினா கார் முதலாளிக்குப் போன் போட்டு, ஃபேனை மாற்ற வேண்டும் என்றாள். ஏசி சரியில்லை என்று போன மாதமே அவரிடம் சொல்லியிருந்தாள்.

"ஃபேன் அப்புறம் பார்க்கலாம். வால்வை அடைச்சிடச் சொல்லு."

"அடைச்சா நான் ஓட்டமாட்டேன் சார்."

"அப்ப சாவியை வெச்சிட்டுப் போ. தங்கமணிகிட்ட போனைக் குடு."

பேசி முடித்த தங்கமணி, அவள் முகத்தைப் பார்க்காமல் வால்வை அடைக்க போல்ட் தேடப் போனார்.

பிலோமினாவுக்கு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. பட்டறை வாசலில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்து, அவர் வால்வை அடைத்து கேஸ் நிரப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி அனுப்பிய புது டிரைவர் வந்து, வண்டியைக் கிளப்பி, ஏசி முன்னால் கையை நீட்டினான்.

"ஜில்லுன்னு வருதே. இதைப் போய் ஏங்க்கா விட்டீங்க?"

அவள் எழுந்து போய் காருக்கு முன்னால் நின்றாள். அவன் மெதுவாக ஹாரன் அடித்தான். அவள் நகரவில்லை.