மணி மட்டும் அடிக்கவில்லை

“இப்பவும் மணி அடிக்கலை, இல்ல?” இரும்புக் குண்டை அடித்து விளையாடும் பழைய பின்பால் மெஷினைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த கணவர் கேட்டார்.

“அடிக்கலைங்க,” என்றாள் மனைவி, சத்தமாக.

“குண்டு முட்டினா விளக்கு எரியுது. மணியோட காயில் கம்பியைக்கூட மாத்தியாச்சு. இந்த மணிக்கு மட்டும் என்ன கேடோ?”

வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து நின்றாள். “அக்கா, குழந்தை தூங்கவே மாட்டேங்குது. காலையிலிருந்து அந்த மணி ஓயாம அடிக்குது. கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்.”

மனைவி பதறிப்போய்க் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் காதில் அது விழவில்லை. மணிச் சத்தமும் விழுவதில்லை. அப்பாவைப் போலத் தனக்கும் காது போய்விடுமோ என்று காலமெல்லாம் பயந்தவரிடம் எந்த வாயால் சொல்வாள்?

அவர் கை கழுவப் போன நேரத்தில், மணிக்குப் போகும் வயரைப் பிடுங்கிவிட்டாள்.

திரும்பி வந்தவர் குண்டைத் தட்டிவிட்டார். “இப்ப?”

“அடிக்கலைங்க,” என்றாள். இப்போதுதான் முதல்முறையாக அது பொய்யில்லை.