மஞ்சள் அடித்த இடங்கள்

மஞ்சள் அடித்த பதினேழாவது இடத்தையும் மொழிபெயர்ப்பவர் படித்துச் சொன்னார். பாத்திரம் கழுவுவதைப் பற்றியது.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்தது என்பதுபோல.

மேசையில் நாற்பத்திரண்டு தாள்கள். எல்லாம் நார்வே மொழி. அவள் கணவன் திருமூர்த்தி, பெர்கன் நகரத்தில் தன்னோடு வேலை பார்க்கும் ஒருத்திக்கு அனுப்பிய செய்திகள். பிள்ளை பொம்மைப் படம் பார்க்கட்டும் என்று பழைய டேப்லெட்டைக் கொடுத்தவன், அதில் தன் கணக்கை மூட மறந்துவிட்டான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவனுடையது ஏழு மாதம் ஓடியிருக்கிறது. அந்த ஏழு மாதமும் இவள் அதே வீட்டில்தான் இருந்தாள்.

இப்போது கோயம்புத்தூரில் வழக்கு. மனுவில் மனக் கொடுமை என்று எழுதியிருக்கிறார் வக்கீல். நீதிமன்றத்துக்கு எல்லாம் ஆங்கிலத்தில் வேண்டும். விசாரித்ததில் இந்த மொழி தெரிந்தவர் என்று இவர் ஒருவர்தான் கிடைத்தார். பத்தொன்பது வருடம் நார்வேக்காரர்களின் சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில் கிடந்து கற்றது. ஒரு எழுத்தைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவளுக்கு அந்த மொழியில் ஒன்றே ஒன்றுதான் தெரியும்.

ஓர்க்கர் இக்கே.

நான்கு வருடம் கேட்டது. சாப்பிட வாங்க என்றால் ஓர்க்கர் இக்கே. ஊருக்கு ஒரு ஃபோன் போடுங்க என்றால் ஓர்க்கர் இக்கே. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அதைக்கூட முழுதாகச் சொல்ல மாட்டான். உதடு மட்டும் அசையும்.

அது தன்னைத் திட்டும் சொல்தான் என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். தாள்களில் அது வந்த இடத்திலெல்லாம் மஞ்சள் பேனாவால் அடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

முப்பத்தொரு இடம்.

அத்தனை இடத்திலும் தன்னைத் திட்டியிருக்கிறான். சமையலைச் சொல்லியிருப்பானா, நிறத்தைச் சொல்லியிருப்பானா, பாஷை தெரியாமல் கடையில் முழித்ததைச் சொல்லிச் சிரித்திருப்பானா. பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்திருந்தாள். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு பத்து மணிக்கே வந்துவிட்டாள்.

பொல்லாத சொல்தான் அது. ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல் போதாது. ஓரிடத்தில் தெம்பில்லை என்று போட வேண்டும். ஓரிடத்தில் மனசில்லை. ஓரிடத்தில் சகிக்கவில்லை. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. 'முடியலை' என்று ஒரு பெருமூச்சு விட்டால் தீர்ந்தது.

அவர் அப்படியே முதலில் தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

மழையில் நடக்க முடியலை.

பல் டாக்டரிடம் போக முடியலை.

மேனேஜர் குரலைக் கேட்க முடியலை.

நீ இல்லாத சனி, ஞாயிறைத் தாங்க முடியலை.

இதற்குக்கூட அவள் முகம் மாறவில்லை. அவள் காத்திருந்தது இதற்கல்ல.

இருபத்தைந்து. குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போட முடியலை.

இருபத்தெட்டு. கார் கண்ணாடியில் பனியைச் சுரண்ட முடியலை.

முப்பது. ஷூவுக்கு முடிச்சுப் போட முடியலை.

"என்னையப் பத்தி எங்கீங்க?"

அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதுவே கேஸுக்குப் போதும்மா. வக்கீலைக் கேட்டுப் பாருங்க."

"கேஸுக்கு இல்லீங்க."

அவருக்கு மெல்லத்தான் விளங்கியது. நாற்பத்திரண்டு தாளையும் நேற்றே ஒரு தடவை படித்திருந்தார். அவள் பெயர் எங்கும் இல்லை. மனைவி என்ற சொல் இல்லை. ஒருத்தியைக் கரித்துக்கொட்டுவதற்கும் அவளைக் கொஞ்சம் நினைக்க வேண்டும். பாவி அதற்குக்கூட நினைக்கவில்லை.

"எங்கயாச்சும் ஒரு எடத்துலீங்க. சனியன்னு, பீடைன்னு, என்னமோ ஒண்ணு. நீங்களா போட்டாலும் சரீங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி இடத்துக்குப் போனார்.

வீட்டுக்குப் போக முடியலை.

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் ரத்தம் ஏறியது. மாப்பிள்ளை வீட்டார் சரியென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று கேட்ட பெண்ணுக்குத்தான் அப்படி ஆகும்.

"வீடுன்னா நாந்தானுங்களே?"

அவர் கண் அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டது. அதில் மஞ்சள் இல்லை. வாயால் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆங்கிலத்தில் தட்டி, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்துக் கொடுத்துவிடலாம். இவள் பஸ் ஏறிப் போகும்வரையாவது அந்த முகம் அப்படியே இருக்கும்.

ஆமாம்மா என்று சொல்ல ஒரு நொடி ஆகியிருக்காது.

ஆனால் ஒரு வரியை விட்டால் அதற்குப் பெயர் மொழிபெயர்ப்பா?

"லிஃப்ட் கெட்டுப்போச்சு, எட்டு மாடி ஏறணும்னு எழுதியிருக்கார்" என்றார்.

அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். எழுத்துக் கூட்டிப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். "அந்த வாரம் பூராவும் ஓடலீங்க."